தீவிர சிகிச்சைச் செவிலியரும் நம் கிராமங்களும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் இராமாநுஜர் பிறந்த தலம் என்பதே நம் முன்னோர்க்கு நினைவுக்கு வந்தது. இன்று அப்பெயரைக் கேட்போர்க்குத் தொழிற்சாலைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை எழுந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பிறகு லாரி செய்யும் டெய்ம்லர், மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டு, டயர் செய்யும் அப்போலோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதியொன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நம் கிராமங்கள் பலவற்றின் மொத்த மக்கட்தொகையைக் காட்டிலும் இது பெரிது.

இவற்றால் விளைந்த நன்மைகளை விவரிக்க இக்கட்டுரை எழுந்ததன்று. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக வரும் சாலையிலும் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அதே சாலையைக் கடந்துதான் நம் உழவர் கழனிக்குச் செல்கின்றனர். அதே சாலையில்தான் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கின்றி ஊர்கிறது. இயந்திரத்தில் கை சிக்குவதும் தீக்காயம் படுவதும் தொழிற்சாலைக்குரிய ஆபத்துகள். பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், பம்பு செட்டு மின்சார அதிர்ச்சி ஆகியவை வயலுக்குரிய ஆபத்துகள். ஒரே வட்டாரத்தில் இவ்விரு வகை ஆபத்துகளும் கூடியிருப்பது தமிழ்நாட்டில் வேறு பல இடங்களில் இல்லாத நிலைமை.

இத்தகைய நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுகள் பெரிதும் முன்னேறியுள்ளன. 108 ஆம்புலன்ஸ் சேவை நம் மாநிலத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் காயமுற்றவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. காயமுற்றவர் எந்த ஊரினராயினும், வெளிமாநிலத் தொழிலாளியாயினும் இச்சலுகை உண்டு. விபத்தில் உதவி செய்தவரைப் போலீசும் நீதிமன்றமும் அலைக்கழிக்கலாகாது என்பதற்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. கிராமங்களில் இன்னமும் பலர் இதை நம்புவதில்லை. அடிபட்டவனைத் தொட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்றே எண்ணுகின்றனர்.

ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலை அடைந்தபின் நடப்பது என்ன என்பதைப் பற்றி நாம் அதிகமாகச் சிந்திப்பதில்லை. டாக்டர் வருகிறார், பார்க்கிறார், வேண்டிய மருந்தை எழுதுகிறார், அடுத்த நோயாளியிடம் செல்கிறார். இரவு முழுவதும் அந்தப் படுக்கையின் பக்கத்தில் நிற்பவர் செவிலியர். நோயாளியின் நிலைமை மாறும்போது அதை முதலில் காண வேண்டியவரும் அவரே. அவர் காணத் தவறினால், கீழ்மாடியில் எத்துணை சிறந்த டாக்டர் இருந்தும் பயனில்லை. அந்தச் செவிலியர் பெரும்பாலும் யார்? நம் ஊர்களிலிருந்து நர்ஸிங் கல்லூரிக்குச் சென்று, படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆன பெண்.

சில ஆண்டுகட்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு விவசாயி தம் மகளுடன் வந்தார். வீட்டுத் திட்டம் சம்பந்தமாக வந்தவர், பேச்சுவாக்கில் மகளின் வேலையைப் பற்றிக் கூறினார். முப்பது சென்ட் நிலத்தை விற்று அவளை நர்ஸிங் படிக்க வைத்திருந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த மூன்றாம் வாரமே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி. மூன்று படுக்கைகளுக்கு அவள் ஒருத்தி. நள்ளிரவுக்குப்பின், வெண்டிலேட்டரில் இருந்த நோயாளியின் கருவி ஒலி எழுப்பியது. அக்கருவி அடிக்கடி ஒலிப்பது வழக்கம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மீண்டும் ஒலித்தது, மீண்டும் அழுத்தினாள். நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் இருந்த குழாயில் சளி அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வார்டிலிருந்த மூத்த செவிலியர் ஒருவர் அந்த ஒலியைக் கேட்டு ஓடிவந்து சளியை உறிஞ்சி எடுத்தார். நோயாளி பிழைத்தார்.

“நான்கு வருஷம் படித்தேன் ஐயா. அந்தக் கருவியை ஒரு தடவைகூட என் கையால் தொட்டதில்லை” என்று அப்பெண் கூறினாள். வகுப்பில் அக்கருவியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்ததற்கு முழு மதிப்பெண் பெற்றதாகவும் சொன்னாள். அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சேற்றில் இறங்காமலேயே நாற்று நடவைப் புத்தகத்தில் படித்தவனை நடவுக்கு அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. அங்கே நாற்று வீணாகும். இங்கே உயிர் போகும்.

தீவிர சிகிச்சை என்னும் துறையே மாணவர்களின் கைகளால் பிறந்தது என்பது பலர்க்கும் வியப்பளிக்கக்கூடும். 1952-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் 31 பேரில் 27 பேர் முதல் மூன்று வாரங்களுக்குள் இறந்தனர். ஆகஸ்ட் மாத இறுதியில் பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுக்கு மூச்சளித்தார். சிறுமி பிழைத்தாள். அதே முறையை எல்லா நோயாளிகளுக்கும் செய்வதற்குக் கருவி ஏது? சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து பையை அமுக்கினர். நூற்றுக்கு எண்பதுக்கு மேலிருந்த மரணம் பாதியாகக் குறைந்தது. பின்னர் அதற்கும் கீழே இறங்கிற்று. மறு ஆண்டு டிசம்பரில் அந்நகரிலேயே, இத்தகைய நோயாளிகளை ஓரிடத்தில் வைத்துக் கவனிக்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது. மாணவர்களிடம் அன்று இருந்தவை கையும் கண்ணும், தவறினால் உடனே திருத்துவதற்குப் பக்கத்தில் ஒரு மூத்தவரும்தாம்.

ஆகவே, தீவிர சிகிச்சையில் செவிலியர்க்கு வேண்டிய திறன் என்பது கருவியின் திறன் அன்று. கருவியை வாங்கிவிடலாம். வேண்டுவது கவனித்தல், எண்ணுதல், முன்னதாக உணர்தல், உரிய நேரத்தில் உரியவரிடம் கூறுதல். இவற்றில் முன்னதாக உணர்தல் எப்படி என்பதை நம் ஏரிப்பாசன வட்டாரத்தார்க்கு விளக்குவது எளிது. ஏரிக்கரை திடீரென்று உடைவதில்லை. உடைவதற்கு முன் கரையின் வெளிப்புறத்தில் ஈரம் தட்டும். பிறகு நீர் கசியும். கசிவில் மண் கலந்து கலங்கலாக வரும். இராக் காவல் இருக்கும் நீர்க்கட்டி அந்த ஈரத்தைக் கண்டவுடனே ஊரை எழுப்புவான். கரை உடைந்தபின் கூவுவதற்கு நீர்க்கட்டி தேவையில்லை.

மனித உடலும் அவ்வாறே. நோயாளியின் இதயம் நிற்பதற்குப் பல மணி நேரம் முன்னரே அறிகுறிகள் தோன்றுவது உண்டு. அவற்றுள் முதன்மையானது மூச்சின் எண்ணிக்கை. வளர்ந்தவர்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அது 24, 28 என்று ஏறுமாயின் உள்ளே ஏதோ கேடு நடக்கிறது என்று பொருள். ஆனால் மருத்துவமனைகளில் மிகவும் அலட்சியமாகக் குறிக்கப்படுவதும் இந்த எண்தான். வெப்பத்தையும் இரத்த அழுத்தத்தையும் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை எண்ணுவதற்கோ ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நோயாளியின் மார்பைக் கவனிக்க வேண்டும். எண்ணாமலேயே எல்லார்க்கும் ‘20’ என்று எழுதிவிடுவது உலகெங்கும் உள்ள கெட்ட பழக்கம். நல்ல ஆசிரியை ஒருவர் மாணவியின் இந்த ஒரு பழக்கத்தைத் திருத்திவிட்டால், புதுக் கருவி ஒன்றை வாங்கியதைவிட அதிகம் செய்தவராவார் என்பது என் எண்ணம்.

உணர்வு நிலையை அளப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்ட அம்முறையில், கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என்று மொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவர்க்கு 3. தலையில் அடிபட்டு வந்தவர் மாலையில் 14 இருந்து இரவில் 11 ஆனால், தூங்குகிறார் என்று விட்டுவிடலாகாது. தலைக்குள் இரத்தம் கசியலாம். நெடுஞ்சாலை விபத்துகள் மிகுந்த நம் வட்டாரத்தில் இக்கணக்கை ஒவ்வொரு மாணவியும் உறக்கத்தில் கேட்டாலும் சொல்லத்தக்க அளவு அறிந்திருப்பது அவசியம்.

இனி, வயலில் நேரும் இரண்டு ஆபத்துகளை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனைச்சாலை வேண்டியதில்லை. நோயாளியின் இரத்தத்தில் சிறிதளவு எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பின் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். நீராகவே ஓடினால் விஷமுறி மருந்து தேவை. மிக எளிய சோதனை. ஆயினும் தவறுவதற்கு வழிகள் பல. பிளாஸ்டிக் குழாயாயின் முடிவு பொய்க்கும். சோப்புப்போட்டுக் கழுவிய குழாயாயினும் பொய்க்கும். பத்தாம் நிமிடத்தில் பொறுமையிழந்து அசைத்தாலும் பொய்க்கும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் வேறு வகை. இமை மெல்லத் தாழும், விழுங்குதல் கடினமாகும், பிறகு மூச்சுத் தசை தளரும். இமை தாழ்வதைத் தூக்கக் கலக்கம் என்று கருதும் செவிலியர் நோயாளியை இழந்துவிடலாம். இடையே ஒன்றைக் குறிப்பிடலாம். விஷமுறி மருந்து தயாரிப்பதற்குரிய பாம்பு விஷத்தை நாட்டுக்கு அளித்துவருவோரில் முக்கியமானவர்கள், அடுத்த செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் மக்களே.

பூச்சிமருந்து தெளிக்கும்போது காற்றுக்கு எதிராக நின்று தெளித்து, மயங்கி விழுபவர்கள் உண்டு. அம்மருந்துகளில் ஒரு வகையால் எச்சிலும் வியர்வையும் பெருகி, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இதற்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்து கொடுக்கப்படுகிறது. எவ்வளவு என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய இயலாது. நுரையீரலின் இரைச்சல் அடங்குகிறதா, நாடி ஏறுகிறதா, வியர்வை உலர்கிறதா என்று அடிக்கடி பார்த்து அதற்கேற்ப அளவிட வேண்டும். மிகுந்தால் காய்ச்சலும் பிதற்றலும் காணும். குறைந்தால் மீண்டும் மூச்சடைக்கும். இப்படிப் பல மணி நேரம் கண்ணிமைக்காமல் பார்ப்பது செவிலியரின் வேலை. நம் உழவர் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு: மருந்துப் புட்டியை, அதன் சீட்டுக் கிழியாமல், நோயாளியுடன் கூடவே கொண்டுவருதல்.

நிற்க. இத்திறன்களை மாணவியர்க்கு எவ்வாறு ஊட்டுவது? நேரே நோயாளியிடம் பழகச் செய்வது நோயாளிக்கு அநீதி. பழகாமலேயே வேலைக்கு அனுப்புவது இருவர்க்கும் அநீதி. இடையிலுள்ள வழி, பொம்மையின் மீது பழகுதல். நார்வே நாட்டில் ஓஸ்மண்ட் லேர்டால் என்ற பொம்மை செய்பவர், 1960-இல் ஆளுயரப் பெண் பொம்மை ஒன்றைச் செய்து, நின்ற இதயத்தை மீண்டும் இயக்கும் பயிற்சிக்கு அளித்தார். விளையாட்டுச் சாமான் வியாபாரி ஒருவரால் மருத்துவப் பயிற்சியே மாறிப்போயிற்று. மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்து ஆழம் குறைந்துவிடும் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர். ஆதலால்தான் ஆள் மாற்றி ஆள் செய்யும் ஒழுங்கையும் கூடவே பழக்க வேண்டியுள்ளது. இக்காலப் பொம்மைகளுக்கு நாடி உண்டு, மூச்சு உண்டு. ஆசிரியை ஒரு பொத்தானை அழுத்தினால் மூச்சு நிற்கவும் செய்யும். மாணவியர் திகைப்பதும், தவறுவதும், பிறகு அமர்ந்து எங்கே தவறினோம் என்று ஒளிவுமறைவின்றிப் பேசுவதும் அங்கே நடக்கின்றன. அந்தப் பேச்சே பயிற்சியின் முக்கிய பாகம் என்பது இத்துறையில் அனுபவமுள்ளோர் கருத்து.

இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பி.எஸ்ஸி. பாடத்திட்டம் பருவமுறையில் அமைந்தது. மாணவி எதை அறிந்தாள் என்பதோடு நில்லாமல், எதைச் செய்யத் தகுந்தாள் என்பதை அளவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். முதலுதவியும், இதயம் நின்றவர்க்கு உயிரூட்டும் அடிப்படைப் பயிற்சியும் அதில் கட்டாயமாயின. பட்டம் பெற்றபின் மேலும் தேர விரும்புவோர்க்குத் தீவிர சிகிச்சையிலேயே இரண்டாண்டு முதுநிலைப் படிப்பையும் கவுன்சில் வகுத்துள்ளது. அப்படிப்பின் பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழிகிறது. 1946-இலேயே நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கிய வேலூரைத் தன்னகத்தே கொண்ட மாநிலம் நம்முடையது. பாடத்திட்டத்தில் குறையில்லை. அதைக் கல்லூரி எவ்வளவு நடைமுறைப்படுத்துகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேற்றுமை.

பொம்மையை அடுத்து நோயாளியின் படுக்கை. முதலில் மாணவி பார்க்கிறாள். பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்க அவள் செய்கிறாள். பன்முறை செய்தபின் தனியாகச் செய்கிறாள். இந்த வரிசையில் நடுப்படியைத் தாண்டிவிடுவதே பெரும்பாலான விபரீதங்களுக்குக் காரணம். ஆள் பற்றாக்குறையுள்ள இடங்களில் மாணவியை அரைச் செவிலியாகக் கணக்கிட்டு வேலைவாங்கும் வழக்கம் வெறுக்கத்தக்கது. வெண்டிலேட்டரில் உள்ள நோயாளி ஒருவர்க்குச் செவிலியர் ஒருவர் என்பதே தகுந்த அளவு. மாணவி அக்கணக்கில் சேரமாட்டாள்.

கூச்சம் என்னும் ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். நம் கிராமத்துப் பெண்களைப் பெரியவர் முன் வாய் திறவாதே என்று சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பெண், இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி, “டாக்டர், நான்காம் படுக்கை நோயாளிக்கு மூச்சு ஒரு மணி நேரத்துக்கு முன் 20, இப்போது 32. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்” என்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும். யார், என்ன நேர்ந்தது, இப்போது நிலை என்ன, என்ன வேண்டும் என்று நான்கே வாக்கியங்களில் சொல்லும் முறையை இப்பொழுது கல்லூரிகளில் பழக்குகின்றனர். வீட்டிலும் பள்ளியிலும் பேசவிடாமல் வளர்த்துவிட்டு, அங்கே நான்கு வாக்கியத்தை எதிர்பார்ப்பது கடினம். இதில் தாய் தந்தையர்க்கும் பங்குண்டு.

பெண்ணை நர்ஸிங் கல்லூரியில் சேர்க்குமுன் தந்தைமார் கேட்கும் கேள்விகள் இரண்டே: கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா. வேறு சிலவற்றையும் கேட்டறிதல் வேண்டும். கல்லூரிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சிலின் தகுதிச் சான்றும், தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலின் அங்கீகாரமும் உள்ளனவா? சொந்த மருத்துவமனை உண்டா; உண்டாயின் அதில் நோயாளிகள் இருக்கின்றனரா, வெறும் கட்டில்களா? தீவிர சிகிச்சைப் பிரிவில் மாணவியர் எத்தனை வாரம் பணியாற்றுகின்றனர். அப்போது கல்லூரி ஆசிரியை கூட நிற்கிறாரா? பயிற்சிப் பொம்மை கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? தேய்ந்த பொம்மையுள்ள கல்லூரியே நல்ல கல்லூரி. மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியைத் தனியே விசாரித்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இரவுப் பணி வேண்டாம் என்று மகளைத் தடுக்கும் பெற்றோரும் உளர். அவர்கள் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நோயாளியின் நிலைமை மோசமாவது இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை; இரவைப் பழகாதவர் பாதிச் செவிலியரே. பாதுகாப்பான விடுதியும், விடியற்காலை வண்டியும் உண்டா என்று கல்லூரியைக் கேட்பது பெற்றோர் உரிமை.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நர்ஸிங் மாணவியர் சமூக நலப் பயிற்சிக்காகச் சில வாரம் கிராமங்களுக்கு வருவர். பெரும்பாலும் அவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்துச் சென்றுவிடுகின்றனர். அவர்களைக் கொண்டு, கிராம சபை கூடும் ஆறு நாட்களுள் ஒன்றில், உயிரூட்டும் முறையை ஊர் இளைஞர்க்குப் பொம்மையின் மீது செய்துகாட்டச் சொல்லலாம். கற்பிப்பவள் இரட்டிப்பாகக் கற்பாள். இதயம் நின்றவரின் மூளை சில நிமிடங்களில் கெடத் தொடங்குமாதலால், ஆம்புலன்ஸ் வருமுன் மார்பை அமுக்கத் தெரிந்தவர் ஊரில் நால்வர் இருப்பதும் நன்று. இதற்காகப் பஞ்சாயத்து செய்ய வேண்டிய செலவு சொற்பம்: மாணவியர் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை. என் வட்டாரத்தில் ஒரு பஞ்சாயத்தில் சமுதாயக் கூடத்தின் பின்னறையை இதற்கென ஒழித்துக் கொடுத்தனர். முதல் நாள் வந்து பார்த்த ஆசிரியை, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றுதான் முதலில் இழுத்துப் பார்த்தார்; விழவில்லை. அன்று மாலைக்குள் தச்சரை அழைத்துச் சரிசெய்தாயிற்று.